சாமத்திய வீட்டுப் படமும் மொய்க் கொப்பியும்

மக்கள் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் கதையை அவர்களே எடுக்கிற ஆவணப்படம் செய்யப்போகிறேன், அதால் ஒரு கூடாத வழக்கத்தை மாற்றப்போகிறேன் என்று யாராவது என்னிடம் வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது இதுதான்: படத்தை யார் யாருக்கு, எங்கே வைத்துப் போட்டுக் காட்டப்போகிறீர்கள், அதற்கு எவ்வளவு காசு ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்? இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் இறங்கியது, பெரியபிள்ளை ஆன பிள்ளையை ஒதுக்கி வைப்பது, பிறகு கடன்பட்டுச் சடங்கு செய்வது பற்றிய படத்தில். ஆரம்பிக்கும்போது கொழும்பில் இப்படி வேலை செய்த ஆட்களைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். எந்த மைக் நல்லது, எந்த அப்பில் எடிட் பண்ணலாம், நிதிக்கு எப்படி எழுதிப் போடலாம் என்றெல்லாம் தாராளமாகச் சொன்னார்கள். படம் முடிகிற அன்றுதான் வேலை தொடங்குகிறது என்பது மட்டும் யார் வாயிலும் வரவில்லை. கைக்காசில் கிட்டத்தட்ட மூன்று லட்சம், ஒரு கல்யாண சீசனின் வருமானம், நல்ல நித்திரை எல்லாம் போன பிறகு இதை எழுதுகிறேன். வாசிக்கிற யாருக்காவது அதில் பாதியாவது மிச்சமாகட்டும்.

வெள்ளவத்தையில் ஒரு மாடியறையில் இருந்து கல்யாண வீடு, சாமத்திய வீடு (பிள்ளை பெரியபிள்ளை ஆனதற்குச் செய்கிற சடங்கு) வீடியோக்களை எடிட் பண்ணிக் கொடுப்பது என் பிழைப்பு. சாமத்திய வீட்டு வீடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: பல்லக்கு, புகை, தலைக்கு மேலே ட்ரோன், அடுத்தடுத்து உடுப்பு மாற்றம், சினிமாக் கதாநாயகி மாதிரி பிள்ளை படியில் மெதுவாக இறங்கி வருவது. பிள்ளைக்கு வயது பதினொன்று, பன்னிரண்டு. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வெட்டி ஒட்டுகிறவள் என்பதால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன், பிள்ளை தானாகச் சிரிக்கிற ஷொட் கிடைப்பதே கஷ்டம். மணிக்கணக்கான காட்சிகளுக்குள் தேடி எடுத்து, கிடைத்ததை ஸ்லோ பண்ணி நீட்ட வேண்டும். அப்புறம் அதை யூடியூப்பில் போடச் சொல்வார்கள், அதற்குக் கீழே யார் யாரோ வந்து எழுதுகிற அசிங்கங்களை உட்கார்ந்து அழிப்பதும் நான்தான். ஒரு தடவை பிள்ளையே எனக்கு மெசேஜ் போட்டது. "அக்கா, ஸ்கூல்ல எல்லாரும் பாக்கிறாங்க, எடுத்துவிட ஏலுமா?" காசு கொடுத்தவர் அப்பா, அவர் சம்மதிக்கவில்லை. அந்த எரிச்சல்தான் என்னை இதற்குள் இழுத்தது, பெரிய சமூக சேவை எண்ணம் எல்லாம் இல்லை.

ஹோல் எடுத்துச் செய்கிற வசதியானவர்களிடம் போய் இந்தக் கதை கதைக்க முடியாது என்பதால் வடகொழும்புப் பக்கம் போனேன். கொட்டாஞ்சேனையைத் தாண்டி ஒரு தோட்டம், அதாவது ஒற்றை அறை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற, பொதுக் குழாயும் பொதுக் கழிப்பறையும் உள்ள குடியிருப்பு. மலையகத்தில் இருந்து வந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள், இந்து வீடு, வேதக்கார வீடு எல்லாம் கலந்திருக்கிறார்கள். பிள்ளை பெரியபிள்ளை ஆனால் எல்லா வீட்டிலும் கிட்டத்தட்ட ஒரே நடைமுறைதான். ஒற்றைப்படை நாள் பார்த்துத் தண்ணீர் வார்க்கும்வரை ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது. இருப்பதே ஒரு அறை, அதில் எங்கே ஒதுக்கி வைப்பது? குறுக்கே சேலையைக் கட்டுவார்கள், அப்பாவும் அண்ணன்மாரும் சொந்தக்காரர் வீட்டிலோ ஓட்டோவுக்குள்ளோ படுப்பார்கள். பள்ளிக்கூடம் இல்லை. கழிப்பறை பொதுவானது என்பதால் பகலில் போக முடியாது, இருட்டிய பிறகு தலையோடு போர்த்திக்கொண்டு கையில் இரும்புத் துண்டோடு போக வேண்டும். அதனால் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், சிறுநீர் எரிவு வந்து காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று அந்தப் பகுதி மிட்வைஃப் மிஸ் சொன்னார். இதற்குப் பிறகு சடங்கு. சீட்டு, கிழமைக் கடன், செட்டியார் தெருவில் அடகு என்று மூன்றையும் சேர்த்துப் பிரட்டி, சும்மா ஒரு சின்னச் சடங்குக்கே நாலு லட்சம் வரை போகிறது.

ஒரு நிறுவனம் ஆறு லட்சம் தருவதாகச் சொன்னது, மூன்று தவணையில். பெயர் சொல்லப்போவதில்லை. தோட்டத்தில் அம்மாமார், அம்மம்மாமார், பெரிய பிள்ளைகள் என்று ஒரு குழு சேர்ந்தது. நான் கற்றுக்கொடுக்கிற ஆள், எடுப்பவர்கள் அவர்கள். இந்த முறை ஒன்றும் புதியதில்லை. அகமதாபாத்தில் சேவா என்ற உழைக்கும் பெண்களின் சங்கம் 1984 இலேயே மரக்கறி விற்கிற, எழுத வாசிக்கத் தெரியாத பெண்களுக்கு வீடியோ எடுக்கப் பழக்கியது. அந்தக் காலத்துத் தூக்க முடியாத கேமராவையே அவர்கள் கையாண்டிருக்கும்போது போனில் எடுப்பது ஒரு வேலையா என்று சொல்லித்தான் எங்கள் ஆட்களின் பயத்தைப் போக்கினேன். தெலங்கானாவில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து படம் எடுக்கிற தலித் பெண்கள், கண் மட்டத்தில் கேமராவை வைத்து எடுப்பதைச் சங்க ஷொட் என்பார்கள். சங்கக் கூட்டத்தில் எல்லோரும் தரையில் ஒரே உயரத்தில்தானே உட்காருகிறார்கள். இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஒரு அம்மம்மா, அப்படியானால் பாயில் கிடக்கிற பிள்ளையை எடுக்கும்போது எடுக்கிறவளும் தரையில் படுக்கவேண்டும் என்றார். படத்தில் ஆக நல்ல ஷொட் அப்படி வந்ததுதான்.

பயிற்சியில் ஒரு விசயத்தை நிச்சயமாகச் சொல்லுவேன். எடுப்பதற்கு முதல் அழிப்பதைப் பழக்குங்கள். வட்டமாக இருந்து ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லச் சொல்லி எடுக்க வேண்டும், உடனேயே எல்லோரும் சேர்ந்து பார்க்க வேண்டும், பிடிக்காதவர் தன் கையாலேயே தன் துண்டை அழிக்க வேண்டும். தன்னை அழிக்கத் தனக்கு உரிமை இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாய் திறக்கிறார்கள். சத்தம் பெரிய தொல்லை. துறைமுகத்துக்குப் போகிற கொள்கலன் லொறி, கோயில் மணி, பக்கத்து வீட்டு டீவி, எல்லாவற்றுக்கும் நடுவே இரகசியமாகக் கதைக்கிற குரல். சட்டையில் குத்துகிற மைக் இரண்டு நல்லதாக வாங்குங்கள், கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு குழாயடி காலியாகிற நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த ஒரே அமைதி. அந்த நேரத்தில்தான் அம்மாமார் சமைக்கவும் வேண்டும், சிலர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், ஒருநாள் நின்றால் அன்றைய சம்பளம் இல்லை. வருகிறவர்களுக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதுங்கள். தேநீரும் பணிசும் என்று மட்டும் எழுதினால் அந்தக் கூலி உங்கள் கையில் இருந்துதான் போகும், எனக்குப் போனது.

எடுக்கத் தொடங்கியதும் நான் எதிர்பார்த்த கதை வரவில்லை. கொடுமைக்காரக் கிழவி, பாவப்பட்ட பிள்ளை என்று ஒரு கதை என் தலைக்குள் இருந்தது. அம்மம்மா ஒருத்தி பேத்தியின் கேமராவுக்கு முன்னால் சொன்னார், "எனக்கு வாழ்க்கையில ஒரேயொரு தரம்தான் தினமும் முட்டையும் நல்லெண்ணெயும் உளுத்தங்களியும் தந்தாங்க. வேலை செய்யாமப் படுத்திருந்ததும் அந்த ஒரே தரம்தான்." அதற்குப் பதில் என்ன சொல்வது? ஒதுக்கி வைப்பதற்குள் ஒரு பராமரிப்பும் இருக்கிறது, முட்டையை வைத்துக்கொண்டு சேலைத் தடுப்பை மட்டும் அவிழ்க்கலாமா என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. நிதி கேட்டு நான் எழுதிய தாளில் அப்படி ஒரு கேள்வி இல்லை. வெளியில் இருந்து ஒரு இயக்குநர் வந்து எடுத்திருந்தால் இந்தக் காட்சி கிடைத்திருக்காது, கிடைத்தாலும் வெட்டப்பட்டிருக்கும். இந்த முறையில் எனக்கு இன்னமும் நம்பிக்கை இருப்பதற்கு அதுதான் காரணம்.

முகத்தை மறைக்கும் விசயத்துக்கு வருகிறேன். பயிற்சிப் புத்தகங்களில் நிழலுருவமாக எடுங்கள், முகத்தை மங்கலாக்குங்கள் என்று இருக்கும். தோட்டத்தில் அது சரிவராது. குரலை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், கதவுச் சீலையை வைத்து, சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தை வைத்து, பின்னால் இருமுகிற தாத்தாவை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். எங்கள் முதல் வெட்டைப் பார்த்த ஒரு சின்னப் பையன் வெறும் காலைப் பார்த்தே "இது ஜன்னலோரத்து அக்கா" என்றான். கடைசியில் கூச்சமான கதைகளை வேறு பகுதிப் பெண்கள் வாசிக்க, வேறு வீட்டில் நடித்து எடுத்தோம், மட்டக்குளிக் குரலில் கொட்டாஞ்சேனைக் கதை. இதற்குத் திரும்ப எடுக்கவேண்டி வந்தது, மாதக்கணக்கில் இழுபட்டது. சம்மதமும் ஒரு கையெழுத்தோடு முடிவதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், ஆனால் பெற்றோர் சம்மதித்து பிள்ளை வேண்டாம் என்றால் பிள்ளை சொல்வதுதான் முடிவு என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். எடுக்கும்போது ஒருமுறை, வெட்டியதைக் காட்டி ஒருமுறை, ஒவ்வொரு திரையிடலுக்கு முன்னும் ஒருமுறை கேளுங்கள். நேற்று சரி என்றவர் இன்றைக்கு மாட்டேன் என்பார், அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொன்று. மைக்கைக் கொடுத்தால் நீங்கள் கேட்காததும் வரும். ஒரு பிள்ளை, சடங்கு முடிந்த கையோடு தனக்கு ஒருத்தரைப் பேசி வைத்திருக்கிறார்கள் என்று சொன்னது. வயது பதினைந்து. 1995 திருத்தத்துக்குப் பிறகு பொதுச் சட்டத்தில் திருமண வயது பதினெட்டு. அதைப் படத்தில் போடுவதா வேண்டாமா என்பது அந்த நேரத்துக் கேள்வியே இல்லை, கேமராவை மூட வேண்டும். மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னோம், சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற அவசர இலக்கத்துக்குப் போன் எடுத்தோம். அந்தப் பதிவு படத்தில் இல்லை. இப்படி ஒன்று வந்தால் யாரிடம் போவது என்று முதல் நாளுக்கு முன்பே முடிவுசெய்து வையுங்கள், அந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, எனக்குக் கை நடுங்கியது.

எடிட்டிங் என் தொழில் என்பதால் அதில் எனக்குப் பயமில்லை. ஆனால் தொழில்பழக்கமே இடைஞ்சலாக இருந்தது. ஒருவர் ஒன்று சொல்ல, உடனே அதற்கு எதிரானதை இன்னொருவர் சொல்வதாக வெட்டி ஒட்டினால் சூடாக இருக்கும், டீவியில் எல்லாம் அப்படித்தானே. கனடாவின் ஃபோகோ தீவில் 1967 இல் கொலின் லோ என்பவர் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக இதேபோல மக்களோடு சேர்ந்து படம் எடுத்தபோது அப்படிச் செய்யவில்லை. ஊரை அரசாங்கம் இடம்பெயர்க்கப் பார்த்த நேரம் அது. ஒரே பெரிய படமாக்காமல், ஒரு ஆள் அல்லது ஒரு விசயம் என்று இருபதுக்கும் மேற்பட்ட குட்டிப் படங்களாகச் செய்து, அவரவருக்குக் காட்டிச் சம்மதம் வாங்கி, ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார்கள். பிறகு மந்திரிமாரும் பார்த்தார்கள். ஒருவரின் பேச்சை இன்னொருவரின் பேச்சால் வெட்டினால் அடுத்த நாள் அந்த இருவரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்க முடியாது என்பதுதான் அதில் உள்ள பாடம். நாங்களும் அம்மம்மாவின் படம் தனி, பேத்தியின் படம் தனி என்று பிரித்தோம். ஒவ்வொன்றும் ஐந்தாறு நிமிடம். குழுவுக்குள் சண்டை வராததற்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சண்டை வெளியில் இருந்து வந்தது. சனசமூக நிலையத்தில் முதல் திரையிடல், கூட்டம் நெருக்கியடித்தது, பின்வரிசையில் யாரோ தன் போனில் திரையைப் பிடித்து ஒரு அரை நிமிடத் துண்டை வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். விடிவதற்குள் அது ஹட்டனில் இருக்கிற சித்தப்பா வரை போய்விட்டது. அந்தத் துண்டில் இருந்தது நடித்துக் காட்டிய காட்சி, நடித்த பெண் மட்டக்குளிக்காரி, ஆனால் கதை யாருடையது என்று ஊகிக்க அவர்களுக்கு அதுவே போதும். மானத்தை வித்துப் படம் எடுக்கிறாள் என்று ஒரு அப்பா என் அறை வாசலில் வந்து கத்தினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். எனக்கு வழக்கமாக வேலை தருகிற ஒரு ஸ்டூடியோக்காரர், உனக்கு இந்தப் பழக்கவழக்கம் பிடிக்காதாம் என்று கேள்விப்பட்டேன், பிறகு என்ன என் சாமத்திய வீட்டு வேலையை எடுக்கிறாய் என்று கேட்டார். அந்த சீசன் முழுக்க போன் வரவில்லை. வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லாமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது. இரவுகளில் எழும்பி உட்கார்ந்து அந்த ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் என்று யோசிப்பேன். உதவி கேட்க ஆளில்லை, நிதி தந்தவர்களிடம் சொன்னபோது அறிக்கையில் சவால்கள் என்ற தலைப்பின் கீழ் எழுதச் சொன்னார்கள்.

ஆகவே, கெஞ்சிக் கேட்கிறேன், முதல் திரையிடலைச் சின்னதாக வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் மட்டும், அப்புறம் அவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிவரும் ஆட்கள் மட்டும். வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து எல்லோர் போனையும் வாங்குங்கள், பெயர் எழுதிய கடிதவுறைக்குள் போட்டு வையுங்கள், முதலில் உங்கள் போனைப் போடுங்கள். பெண்களுக்கு ஒரு காட்சி, அப்புறம் ஆம்பிளைகளுக்கு ஒரு காட்சி, எல்லோரும் சேர்ந்து பார்ப்பது கடைசியில். ஒவ்வொரு குட்டிப் படத்துக்குப் பிறகும் ப்ரொஜெக்டரை நிறுத்திக் கதைக்க விடுங்கள், கதைப்பதை நடத்துவது குழுவில் ஒருவராக இருக்கட்டும், நீங்கள் பின்னால் போய் விசிறியைப் பாருங்கள். சட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதுதான், விடியற்காலை ஸ்டேட்டஸுக்கு முன்னால் அது என்ன செய்யும்?

இந்தக் கலவரத்துக்குப் பிறகு குழு கூடி, படம் இணையத்தில் போகக்கூடாது என்று முடிவெடுத்தது. கைதூக்கி எடுத்த முடிவு. எனக்கு உள்ளுக்குள் வலித்தது, ஒரு படைப்பாளிக்குத் தன் வேலையை நாலுபேர் பார்க்க வேண்டும் என்று இருக்காதா? நிதி தந்த நிறுவனம் யூடியூப் இணைப்பும் பார்வையாளர் எண்ணிக்கையும் இல்லாமல் கடைசித் தவணை இல்லை என்றது. மக்கள் பங்குபற்றும் படம் என்று அவர்கள் தாளிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, ஆனால் மக்கள் வேண்டாம் என்று சொன்னால் அது மட்டும் பங்குபற்றல் இல்லையாம். பல மின்னஞ்சல் போய் வந்தது. இரண்டு லட்சம் போனது போனதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: படத்தை எங்கே, யாருக்குக் காட்டுவது என்ற முடிவு படத்தில் உள்ளவர்களுடையது, அவர்கள் மறுத்தாலும் தவணை நிற்காது. ஏற்றுக்கொள்ளாவிட்டால் அந்தக் காசை வாங்க வேண்டாம். முதலும் முடிவும் என்று ஒரு கருத்துக் கணிப்பும் கேட்பார்கள். ஒதுக்கி வைப்பது சரியா பிழையா என்று நீங்களே போய்க் கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பிழை என்பார்கள். நீங்கள் செய்யாவிட்டால் அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள், இந்த வரிசையில் எத்தனை வீட்டார் மனசுக்குள் இதை விரும்புகிறார்கள் என்று கேளுங்கள். சமூக வழமைகள் பற்றி ஆராய்கிற கிறிஸ்டினா பிக்கியேரி சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான், நம்முடைய சொந்த அபிப்பிராயத்தைவிட மற்றவர்கள் நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று நாம் நினைப்பதுதான் நம்மை நடத்துகிறது.

எங்களுக்கு அது மொய்க் கொப்பியில் தெரிந்தது. பெண்கள் மட்டும் பார்த்த ஒரு காட்சிக்குப் பிறகு, சடங்கு செய்ய உங்களுக்கு உண்மையில் ஆசையா என்று குழுத் தலைவி கேட்டார். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை, அப்புறம் ஒருத்தி, "எனக்கு ஆசை இல்ல. ஆனா நான் வச்ச மொய் முழுக்க வெளியில நிக்குது. நான் செய்யாட்டி அது எப்பிடித் திரும்பி வரும்?" என்றார். அதற்குப் பிறகு கூட்டம் அடங்கவேயில்லை. எல்லோருடைய கதையும் அதுதான், எல்லோரும் மற்றவர் ஆசைப்பட்டுச் செய்கிறார் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறார்கள். தீட்டு, தெய்வக்குற்றம் என்று நாங்கள் படம் எடுத்துக்கொண்டிருக்க, விசயம் கணக்குக் கொப்பிக்குள் இருந்தது. அடுத்த முறை பலர் கொப்பியையே கொண்டுவந்தார்கள். யார் யாருக்கு எவ்வளவு வைத்தோம், யார் நமக்கு வைக்க வேண்டும். பார்த்தால் அந்தப் பெயர்களில் பாதிக்குமேல் தோட்டத்தில் இல்லை. வத்தளை, நீர்கொழும்பு, ஹட்டன், அவிசாவளை. அவர்களுக்குத் தெரியாமல் தோட்டம் மட்டும் நிறுத்த முடியாது.

செனகலில் இதே சிக்கல் வந்திருக்கிறது என்று பிறகு வாசித்தேன். 1997 இல் மாலிகூண்டா பம்பாரா என்ற ஊர்ப் பெண்கள், ஊர்களில் கல்வி வகுப்பு நடத்துகிற தொஸ்தான் என்ற அமைப்பிடம் படித்த பிறகு, பெண்ணுறுப்புச் சிதைப்பை விடுவதாக எல்லோர் முன்னாலும் அறிவித்தார்கள். சுற்றுவட்டாரம் கொதித்தது. டெம்பா ஜவாரா என்ற இமாம் ஒருவர், பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற ஊர்கள் எல்லாம் சேராமல் ஒரு ஊர் மட்டும் தனியாக விட முடியாது என்று சொல்லி, உறவு ஊர்களுக்குக் கால்நடையாகவே போய்க் கதைத்தார். 1998 இல் ஜபுகூ என்ற ஊரில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. அந்த வழக்கத்தின் பாரமும் எங்களுடையதும் ஒன்றில்லை, ஒப்பிடவே கூடாது. ஆனால் வழி ஒன்றுதான். யாருக்குப் படம் காட்ட வேண்டும் என்ற பட்டியலை எங்களுக்கு மொய்க் கொப்பி தந்தது.

அதற்குப் பிறகு செலவு முழுக்க என் கையில் இருந்து. ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுத்து, வெள்ளைச் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டி, குழுவில் இரண்டு மூன்று பேரோடு பஸ்ஸில் போவோம். சொந்தக்காரர் வீடு, பத்துப் பதினைந்து பேர், போன் கூடை, தேநீர். சில இடங்களில் வாசலோடு அனுப்பினார்கள். நீர்கொழும்பில் ஒரு வீட்டில் படம் போட விடவில்லை, சாப்பாடு மட்டும் தந்து அனுப்பினார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது. படத்தைவிட, படத்தில் இருக்கும் ஆளே கூட வந்து உட்கார்ந்திருப்பதுதான் வேலை செய்தது. திரையில் அழுத அக்கா பக்கத்தில் இருந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தால் யாராலும் ஏச முடியாது.

என்ன மாறியது என்று கேட்டால் அடக்கமாகத்தான் சொல்ல வேண்டும். சடங்கை முற்றாக விட்ட வீடுகள் சிலதான். மொய்யை நிறுத்தாமல் இடத்தை மாற்றுவது என்று ஒரு யோசனை வந்தது, பிள்ளை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதி முடித்த பிறகு ஒரு தேநீர் விருந்து வைத்து அப்போது மொய் வாங்குவது. அதைச் சிலர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பலர் பார்ப்போம் என்கிறார்கள். சேலைத் தடுப்புக்குள் வைப்பது குறைந்திருக்கிறது, முக்கியமாகப் பரீட்சை நேரத்தில். பகலில் கழிப்பறைக்குப் போகலாம் என்பது எழுதாத சட்டமாகிவிட்டது, என்னைக் கேட்டால் முழுப் படத்துக்கும் அந்த ஒன்றே போதும். கத்திக்கொண்டு வந்த அப்பா இன்னும் என்னோடு கதைப்பதில்லை. ஆனால் அவருடைய இளைய மகள் பெரியபிள்ளை ஆனபோது வீடியோ வேண்டாம் என்று சொன்னாராம்.

திரும்பச் செய்வேனா? செய்வேன், ஆனால் காசை வேறு மாதிரிப் பிரித்து. எடுப்பதற்கும் எடிட்டிங்குக்கும் மூன்றில் ஒரு பங்கு, குழுவின் கூலிக்கு ஒரு பங்கு, போட்டுக் காட்டப் போகிற பயணத்துக்கு ஒரு பங்கு. அதோடு என் சொந்தச் சாப்பாட்டுக்கு ஒரு சீசன் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் இறங்குவேன், ஏனென்றால் இந்த வேலையில் இறங்கியவளுக்குச் சாமத்திய வீட்டு ஓடர் வராது. இப்போது கல்யாண வீடும் கம்பனி வீடியோவும் மட்டும் செய்கிறேன், வருமானம் முந்தியதில் பாதி.

படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அது என்னிடம் இல்லை. குழுவில் இரண்டு பேரிடம் ஆளுக்கொரு பென்ட்ரைவில் இருக்கிறது, அவர்கள்தான் முடிவெடுப்பார்கள். பார்க்க விருப்பமென்றால் தோட்டத்துக்கு வந்து அவர்களோடு இருந்து பார்க்கலாம், காலை ஒன்பதரைக்குப் பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நாளில். போனைக் கூடையில் போட வேண்டும். மழை நாளில் வர வேண்டாம், சனசமூக நிலையத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும், ப்ரொஜெக்டர் வாடகைச் சாமான்.